இரண்டு பாட்டுக்கு நடுவே

(ரேடியோ, டிஜே, இசை என்று மனம் ஓடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு)

"பிளஸ் டூ முடிச்சிட்டு என்ன வேணும்னாலும் செய்யி." மைக் மேல் ஆசை வைத்த பிள்ளை குமரி மாவட்டத்தில் எந்த வீட்டில் இருந்தாலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கும். இதில் பாதி சரி. பள்ளியை முடித்தே ஆக வேண்டும். மீதிப் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினைந்து வயதிலிருந்து பதினெட்டு வரை காது எதையும் வாங்கிக்கொள்ளும். அந்த மூன்று வருடத்தையும் பூட்டி வைத்துவிட்டு, தேர்வு முடிந்த மறுநாள் திறக்கலாம் என்றால் அது நடக்காது. படிப்பும் இதுவும் ஒரே மேசையில் இருக்க முடியும். எப்படி என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். ரேடியோ அறிவிப்பாளரும் டிஜேயும் பாட்டை உண்டாக்குவதில்லை. அதை வேறு யாரோ எழுதி, மெட்டமைத்து, பாடி முடித்திருக்கிறார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இடம்தான் இவர்களுடையது. அங்கே என்ன சொல்வது, எதை விடுவது, எந்த நொடியில் கையை நகர்த்துவது என்பதே இந்தத் தொழில். ரேடியோக்காரர்கள் அதை 'லிங்க்' என்பார்கள், டிஜேக்கள் 'மிக்ஸ்' என்பார்கள். பெயர் எதுவானாலும் நீ பழக வேண்டியது அந்தச் சில நொடிகளை.

முதல் மாதம்: கேட்பது மட்டும்

1984 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கியது. அது டெல்லியிலோ சென்னையிலோ வரவில்லை, நாகர்கோவிலில் வந்தது. அதுவரை ஆகாசவாணி என்றால் பெரிய நகரத்தில் பெரிய நிலையம், பல மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே குரல். ஒரு மாவட்டத்துக்கு மட்டும், அந்த ஊர் விவசாயிக்கும் மீனவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேசுகிற நிலையம் எடுபடுமா என்று நம் ஊரில்தான் சோதித்துப் பார்த்தார்கள். கோணம் என்ற இடத்தில் இருக்கும் அந்த நிலையம் இன்றைக்கும் 101 மெகாஹெர்ட்ஸ் பண்பலையில் ஒலிக்கிறது. உனக்குப் பாடசாலை அங்கேதான்.

ஒரு நோட்டு வாங்கு. காலையில் பள்ளிக்குப் புறப்படும் முன் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் கேள். பாட்டை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதாது. பாட்டு முடிந்ததும் பென்சிலை எடு. அறிவிப்பாளர் எத்தனை நொடி பேசினார்? முதல் சொல் என்ன? படத்தின் பெயரை முன்னால் சொன்னாரா, பின்னால் சொன்னாரா? மணி சொன்னாரா? குரல் எந்த இடத்தில் இறங்கியது? ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் ஒன்று விளங்கும். நல்ல அறிவிப்பாளர் பாட்டில் குரல் தொடங்கும் நொடிக்குத் தம் கடைசிச் சொல்லைக் கொண்டுபோய் வைத்துவிடுவார். வாத்தியம் போய்க் குரல் வருவதற்கு இன்னும் எத்தனை நொடி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அது தெரிய வேண்டுமானால் பாட்டை முன்பே கேட்டு, முன்னிசை எத்தனை நொடி என்று எழுதி வைத்திருக்க வேண்டும். நீயும் அப்படியே எழுது. நூறு பாட்டின் முன்னிசை நொடி உன் நோட்டில் ஏறிவிட்டால் நீ வேலையைத் தொடங்கிவிட்டாய் என்று பொருள்.

இரண்டாவது வாரம் ஊசியை நகர்த்து. நம் மாவட்டத்துக்கு ஒரு பாக்கியம் உண்டு. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் இருந்தால் திருவனந்தபுரத்து மலையாள நிலையங்கள் காதில் விழும். கிழக்கே ஆரல்வாய்மொழி தாண்டினால் திருநெல்வேலித் தனியார் நிலையங்கள். ஒரே சினிமாப் பாட்டை அரசு நிலையம் எப்படிக் கொடுக்கிறது, தனியார் எப்படிக் கொடுக்கிறது, மலையாளத்தில் எந்த வேகத்தில் பேசுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார். மூன்றும் பக்கத்திலேயே கிடைக்கும் வசதி எல்லா மாவட்டத்துக்கும் கிடையாது.

சிக்னல் சரியாக வரவில்லையா? அதையும் பாடமாக்கிக்கொள். பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே நின்றால் தடுமாறும். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து வீடுகளில் ரேடியோ இரைவதற்குக் காரணம் இதுதான். அலைநீளம் கண்டுபிடிக்க 300ஐ 101ஆல் வகுத்துப் பார்: சுமார் 2.97 மீட்டர். அதில் பாதி 1.48 மீட்டர். கம்பியில் அலை சற்று மெதுவாக ஓடுவதால் 5 சதவீதம் குறைத்தால் 1.41 மீட்டர். ஆக, சுமார் 70 செ.மீ. நீளத்தில் இரண்டு செம்புக் கம்பி. இரண்டையும் ஒரே கோட்டில் எதிரெதிராக நீட்டி, நடுவில் கேபிளின் இரண்டு இழையையும் ஆளுக்கொன்றாகச் சேர்த்து, ரேடியோவின் ஆன்டெனா முனைக்குக் கொண்டுபோ. படுக்கை வாக்கிலும் செங்குத்தாகவும் திருப்பிப் பார். மொட்டை மாடியில் மின்கம்பி போகும் பக்கம் மட்டும் வேண்டாம். இந்த ஒரு மாலை வேலை, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்காந்த அலைகளும் பண்பேற்றமும் படிக்கும்போது உன்னோடு வரும். வீட்டில் காட்டவும் ஒன்று இருக்கும்.

கேட்பது பற்றிக் கடைசியாக ஒன்று. வீட்டில் அறுபது வயது தாண்டியவர்கள் இருந்தால் இலங்கை வானொலி பற்றிக் கேள். நம் கடற்கரை ஊர்களில் கொழும்பு, சென்னையைவிடத் தெளிவாகக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று பெயர்களைச் சொன்னாலே அவர்கள் முகம் மாறும். அந்த அறிவிப்பாளர்களில் யாரையும் அன்று நம்மவர்கள் பார்த்ததில்லை, குரலைக் கொண்டே நெருங்கிய சொந்தக்காரர்போல் அறிந்திருந்தார்கள். ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' மிக எளிய விளையாட்டு: ஒரு எழுத்தைக் கொடுத்து அதில் தொடங்கும் பாட்டைப் பாடச் சொல்வது. அதைப் பல்லாண்டு நிற்க வைத்தது அவருடைய உச்சரிப்பும், எதிரில் நிற்பவரிடம் அவர் காட்டிய மரியாதையும் என்பது என் எண்ணம். பழைய பதிவுகள் இணையத்தில் கிடைக்கும். கேள், ஆனால் அந்தக் குரலைப் போலி செய்யாதே. மூன்று மாதம் போலி செய்த குரலைக் கழற்ற மூன்று வருடம் ஆகும்.

வில்லடிச்சான் கோவிலில் ஒரு பாடம்

டிஜே என்றால் நியூயார்க்கிலிருந்து வந்தது என்று நினைக்கிறாயா? அதையும் சொல்வேன். அதற்கு முன் உன் ஊர் முத்தாரம்மன் கோவில் கொடைக்குப் போய் வில்லுப்பாட்டு மேடைக்குப் பக்கத்தில், கண் தெரிகிற தூரத்தில் உட்கார். வில், வீசுகோல், குடம், உடுக்கை, கட்டை, ஜால்ரா. அண்ணாவி ஒரு அடி பாடுவார், பக்கத்தில் இருப்பவர் அதை வாங்கி ஆமோதிப்பார். கதை வசனமாகப் போய்க்கொண்டே இருந்து, எந்த இடத்தில் பாட்டாகிறது என்று தெரியாமலே பாட்டாகிவிடும். இரண்டு பாட்டுக்கு நடுவே என்று நான் சொன்ன அந்த இடம் அங்கே தையல் தெரியாமல் மூடப்பட்டிருக்கும்.

அதைவிட முக்கியம், சாமியை வரவழைக்க வரத்துப் பாடும் நேரம். கதை உச்சத்துக்கு வரும்போது அண்ணாவியின் கண் வில்லில் இருக்காது, சாமியாடும் கோமரத்தாடி மேல் இருக்கும். அவர் உடம்பு அசைகிறதா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று பார்த்துத் தாளத்தை ஏற்றுவார். சாமி வந்த பிறகு இறக்குவார். ஆடுகிறவர்களைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யும் இந்தக் கலையை டிஜே பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டிப் படிக்கிறார்கள். உனக்கு இது தெருக்கோடியில் கிடைக்கிறது. பக்தியோடு போய்ப் பார். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகாதே. பதிவு செய்ய வேண்டுமானால் குழுவிடமும் கோவில் நிர்வாகத்திடமும் முன்பே கேட்டுக்கொள்.

ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனும் வில்லுப்பாட்டில் இருந்துதான் தொடங்கினார். வறுமையில் நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன் அவர். விற்றுக்கொண்டே மேடையைக் காதால் படித்தார். அவருக்குப் பள்ளியை முடிக்கும் வசதி கிடைக்கவில்லை. உனக்குக் கிடைத்திருக்கிறது.

உன் பாட்டுச் சேமிப்பும் இந்த மண்ணைப்போல் இருக்கட்டும். சினிமாப் பாட்டை எல்லாரும் வைத்திருப்பார்கள். சிங்காரி மேளம், செண்டை, தேவாலயத் திருவிழாப் பாட்டு, தக்கலை பீர் முகமது அப்பா தர்காவில் ஆண்டு விழாவுக்கு இரவு முழுக்க ஓதப்படும் ஞானப்புகழ்ச்சி, மேற்கே கானமேளா மேடையின் மலையாளப் பாட்டு என்று இவையெல்லாம் பத்து கிலோமீட்டருக்குள் ஒலிக்கும் இடம் இது. இவற்றைக் கேட்டு வளர்ந்த காதுக்கும், தரவரிசைப் பட்டியலை மட்டும் கேட்ட காதுக்கும் உள்ள வித்தியாசம் முதல் அரை மணி நேரத்திலேயே தெரியும்.

குரல்

பதினேழு வயதில் நான் முதன்முதலாக ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனேன். எழுதிய நாலு தாளையும் அழகாக ஊசி குத்திக் கொண்டுபோனேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவது பக்கத்தைத் திருப்பியபோது வந்த சரசரப்பு என் குரலைவிடப் பெரிதாகப் பதிவானது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மூத்தவர் வெளியே வந்து, ஒன்றும் திட்டாமல், ஊசியைப் பிடுங்கித் தாள்களை மேசைமேல் தனித்தனியாகப் பரப்பினார். "படிச்ச தாளைத் தூக்காதே மக்களே, நகத்து" என்றார். இன்றுவரை நான் தாளுக்கு ஊசி போட்டதில்லை.

இப்போது உன்னிடம் போன் இருக்கிறது, தொடங்க அது போதும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதன் முன்னால் நின்று பேசு. எதிரொலியைத் துணி விழுங்கிவிடும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். நேராக ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசு, இல்லாவிட்டால் 'ப' வரும் இடமெல்லாம் குண்டு வெடிக்கும். வெளியில் பதிவு செய்யும்போது மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம் வேண்டும். முப்பந்தலில் காற்றாலை நிற்கிற மாவட்டம் இது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உன் பேட்டி முழுவதையும் தின்றுவிடும்.

எழுதிப் பழகு. இருபது நொடிக்கு ஏறத்தாழ நாற்பது சொல்லுக்குள் ஒரு லிங்க். வாசிக்கும்போது மூச்சு முட்டினால் வாக்கியம் நீளம் என்று அர்த்தம், உன் நுரையீரலைக் குறை சொல்லாதே. 'அவர்கள் வருகை தந்துள்ளார்கள்' என்று எழுதாதே, 'வந்திருக்கிறார்கள்' என்று எழுது. தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளைச் சத்தமாக வாசி. ல, ள, ழ மூன்றையும் தனித்தனியாகக் கேட்க முடிகிறதா என்று வேறு ஒருவரைக் கேட்கச் சொல். உன் காது உனக்குச் சலுகை கொடுக்கும்.

நம் ஊர்ப் பேச்சு மைக்குக்கு ஆகாது என்று சிலர் சொல்வார்கள். நான் உடன்பட மாட்டேன். நாஞ்சில் நாட்டுத் தமிழின் இழுப்பும் விளவங்கோட்டு வட்டாரத்தின் மலையாள வாடையும் குறை அல்ல. செய்தி வாசிக்கும்போது பொதுத்தமிழ், மணக்குடியில் ஒரு மீனவரிடம் பேட்டி எடுக்கும்போது வீட்டுத் தமிழ் என்று நினைத்த நேரத்தில் மாறத் தெரிய வேண்டும். அதுதான் பயிற்சி. ஒன்றை அழித்துவிட்டு மற்றொன்றைக் கற்காதே.

இரண்டு தாளம், ஒரு கை

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் பிராங்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பின் பொது அறையில், பள்ளி திறப்பதற்கு முன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க ஒரு பெண் விருந்து வைத்தாள். பாட்டுப் போட அண்ணனை நிறுத்தினாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். அந்த அண்ணன் கூல் ஹெர்க், வயது 18. பாட்டில் வாத்தியம் மட்டும் ஒலிக்கும் துண்டு வரும்போது எல்லாரும் ஆடுவதைக் கவனித்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்தத் துண்டை நீட்டினார். ஹிப்ஹாப் பிறந்த கதையை அங்கிருந்துதான் சொல்கிறார்கள். அதே பகுதியில் தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்த இன்னொரு பையன் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். இசைத்தட்டில் மெழுகுக் கலரால் கோடு போட்டு, எந்த இடத்தில் தாளம் தொடங்குகிறது என்று கண்ணால் பார்க்கும்படி செய்தார். பள்ளியில் கற்ற சர்க்யூட் அறிவை இசைத்தட்டு மேசைக்குக் கொண்டுபோனவர் அவர்.

கருவி வாங்க அவசரப்படாதே. கணினி இருந்தால் 'மிக்ஸ்' (Mixxx) என்ற இலவச டிஜே மென்பொருளும், பதிவை வெட்டி ஒட்ட 'ஆடாசிட்டி'யும் போதும். ஆறு மாதம் அதில் பழகிய பிறகும் ஆசை தணியவில்லை என்றால் ஒரு சின்ன கன்ட்ரோலருக்குப் பணம் சேர்.

முதல் பயிற்சி எண்ணுவது. கடிகாரத்தைப் பார்த்து 15 நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கு. அதுதான் பிபிஎம், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு. 100இல் இருக்கும் பாட்டை 104க்குக் கொண்டுபோக 4 சதவீதம் கூட்ட வேண்டும். சுமார் 6 சதவீதம் கூட்டினால் சுருதியும் ஒரு அரைச்சுரம் ஏறிவிடும். 'கீ லாக்' போட்டால் ஏறாது, ஆனால் அதிகம் இழுத்தால் குரல் தகரம்போல் ஆகும். இரண்டு பாட்டையும் சேர்க்கும்போது இரண்டின் பேஸும் ஒன்றாக ஒலிக்கக் கூடாது. உள்ளே வருவதின் பேஸைக் குறைத்து வைத்து, முதல் தட்டில் மாற்று. இதை இருநூறு முறை செய்.

இங்கே நம் பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்கள் சொல்லித் தராது. அவர்கள் பாட்டில் பெரும்பாலும் சதுஸ்ர நடை, ஒரு தட்டுக்குள் நான்கு. நம் குத்துப்பாட்டும் நையாண்டி மேளமும் பெரும்பாலும் திஸ்ர நடை, ஒரு தட்டுக்குள் மூன்று. பிபிஎம் ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பதுபோல் கேட்கும். திரையில் கோடுகள் அழகாகப் பொருந்தி நிற்கும், காது வேண்டாம் என்று சொல்லும். காதை நம்பு. தாளம் நின்று குரல் மட்டும் போகும் இடத்தில் மாறு, அல்லது கத்தரித்ததுபோல் முதல் தட்டில் சட்டென்று மாறு.

பழைய பாட்டு இன்னும் கடினம். எழுபதுகளில், எண்பதுகளின் தொடக்கத்தில் முழு வாத்தியக் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். இயந்திரத் தட்டு இல்லை. சரணத்தில் வேகம் ஒரு இழை கூடும், பல்லவிக்குத் திரும்பும்போது ஒரு இழை குறையும். மென்பொருள் போடும் கோடு நடுவழியில் வழுக்கும். அந்தப் பாட்டுகளைக் கையால் தொட்டுத் தொட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். இளையராஜாவின் பாட்டு ஒன்றை இப்படிக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கப் பழகிவிட்டால், 1992இல் 'ரோஜா' வந்த பிறகான பாட்டுகள் உனக்கு விளையாட்டாக இருக்கும்.

ஊரில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணனிடம் போய் நில். ஆம்ப்ளிஃபையருக்கு எத்தனை ஸ்பீக்கர் தாங்கும், ஓம் கணக்கு என்ன, எர்த் இல்லாமல் போட்டால் என்ன ஆகும் என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லித் தர யாரும் இல்லை. ஒயர் சுற்றக் கற்றுக்கொள். ஆனால் 18 வயது ஆகும்வரை கம்பம் ஏறாதே, மழை ஈரத்தில் பிளக்கைத் தொடாதே. அவர் சொன்னாலும் மாட்டேன் என்று சொல்.

காதைக் காப்பாற்று. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம்தான் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம். மேடை ஸ்பீக்கர் பக்கத்தில் அதற்கு மேலேயே இருக்கும். நுரை அடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கும், சட்டைப்பையில் வைத்துக்கொள். இரவில் காதுக்குள் 'ங்' என்று ஒலித்தால் அடுத்த நாள் ஹெட்போன் வேண்டாம்.

சட்டமும் தெரிந்திரு. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. திருவிழாவுக்காக ஆண்டுக்கு 15 நாள்வரை நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்த்தலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கல்யாணத்திலும் சமயச் சடங்கிலும் பாட்டுப் போடுவதற்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அதே பாட்டை உன் யூடியூப் பக்கத்திலோ பாட்காஸ்டிலோ ஏற்ற அது பொருந்தாது.

பங்குனிக்கு முன்னால்

மேல்நிலைத் தேர்வு மார்ச்சில். மண்டைக்காடு கொடை மாசியில். ஊர்க் கோவில் கொடைகள் அதைத் தொட்டே வரிசையாக வரும். அந்த ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை பகல் இரவாக மைக் செட்டோடு போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நாட்காட்டியை இப்படிப் பிரி: ஜூன் முதல் செப்டம்பர்வரை கற்பது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை செய்வது. பள்ளி ஆண்டுவிழா, அரசுப் பள்ளி என்றால் கலைத் திருவிழா, கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவில் மேடைக்குப் பின்னால் உதவி. டிசம்பர் 3ஆம் தேதி அந்தத் திருவிழா முடிந்ததும் ஒயரைச் சுற்றி வை. ஜனவரி முதல் தேர்வு முடியும்வரை கேட்பது மட்டும், அதுவும் நாளுக்கு இருபது நிமிடம். இந்த அட்டவணையை எழுதி வீட்டில் நீயே கொடு. அவர்கள் கேட்கும் முன் கொடுத்தால் பாதிச் சண்டை குறையும்.

பத்தாம் வகுப்பு முடிக்கிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்பு என்று போக ஆசை இருந்தால் மேல்நிலையில் இயற்பியல் உள்ள பிரிவை எடுங்கள். புணே திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் படிப்புக்குப் பட்டம் வேண்டும், பள்ளி அளவில் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். இது தெரியாமல் வேறு பிரிவு எடுத்துவிட்டு இருபத்தொரு வயதில் கதவு மூடியிருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. சென்னை தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியிலும் ஒலிப்பதிவுக்குத் தனிப் படிப்பு இருக்கிறது. அறிவிப்பாளர் ஆக நினைத்தால் ஆகாசவாணியின் தற்காலிக அறிவிப்பாளர் தேர்வு இருக்கிறது. எழுத்துத் தேர்வு, பிறகு குரல் தேர்வு. பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள்.

ஏ.ஆர். ரகுமானும் பள்ளியை நடுவில் விட்டவர்தானே என்பாய். ஒன்பது வயதில் தந்தையை இழந்து, குடும்பத்தைத் தாங்கக் கீபோர்டு வாசிக்கப் போன பிள்ளை அவர். அந்த நெருக்கடியை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை.

பட்டம்வரை காத்திருக்க வேண்டாத கதவுகளும் உண்டு. ஆகாசவாணியின் தமிழ் நிலையங்களில் இளைஞர்களுக்கென்றே 'இளைய பாரதம்' என்ற நிகழ்ச்சி உண்டு. உன் நிலையத்தில் இளையவர்களுக்கு எந்த நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், எப்படி எழுதி அனுப்புவது என்று நிகழ்ச்சிப் பிரிவுக்கு ஒரு கடிதம் போடு. சமுதாய வானொலி இன்னொரு கதவு. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்எம் இந்தியாவில் முதலாவது. 2016இல் பாம்பனில் மீனவர்களுக்காகக் 'கடல் ஓசை' வந்தது. நமக்கு அது சாதாரணச் செய்தி அல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது நம் கரையிலிருந்து போனவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். கடலுக்குள் இருப்பவனிடம் அவன் மொழியில் பேசும் குரல் எவ்வளவு பெரியது என்பதைத் தூத்தூர், வள்ளவிளை வீடுகளில் போய்க் கேட்டால் தெரியும். ரேடியோ வேலையைப் பொழுதுபோக்கு என்று நீ நினைத்தால் ஒருமுறை அங்கே போய்வா.

சொந்தமாக டிரான்ஸ்மிட்டர் கட்டலாமா? கூடாது. பிகாரின் மன்சூர்பூரில் ராகவ் மகதோ என்ற இளம் ரேடியோ மெக்கானிக் ஐம்பது ரூபாய்ச் சாமானில் டிரான்ஸ்மிட்டர் செய்து தன் ஊருக்கே எஃப்எம் நடத்தினார். ஊர் கொண்டாடியது. உரிமம் இல்லாததால் 2006இல் அரசு மூடியது. அலைவரிசை மீது ஆசை இருந்தால் அமெச்சூர் ரேடியோ (ஹாம்) உரிமம் எடு. 12 வயது நிறைந்தால் தேர்வு எழுதலாம். பாட்டு ஒலிபரப்ப அதில் அனுமதி இல்லை, பேசலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் இயக்குநர் அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி சேர்த்தார். அதே நாளில் அதே அலை நம் குளச்சலையும் கொட்டில்பாட்டையும் அடித்தது.

முதல் நிகழ்ச்சி

பத்து நிமிடம் போதும். உன் தெருவில் காலை நாலு மணிக்கு எழுந்து தொழிலுக்குப் போகும் ஒருவரைத் தேர்ந்தெடு. தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டு போகிறவர், ரப்பர் பால் வெட்டுகிறவர், யாராகவும் இருக்கலாம். அவர் வேலை செய்யும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய். அவரைப் பேசவிட்டு ஏழு நிமிடம் எடு. அவருக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டு அவரையே இரண்டு வரி பாடச் சொல். மீதியில் உன் லிங்க். நான்குக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் இருபது நொடி.

முடித்ததும் ஆச்சியை முற்றத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டு. நீ அவள் முகத்தைப் பார், போனைப் பார்க்காதே. எந்த நிமிடத்தில் அவள் கண் அடுக்களைப் பக்கம் போகிறதோ அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள். அங்கேதான் வெட்ட வேண்டும்.